கூட்டுத் தோட்டமும் கூட்டாஞ்சோறும்

சிறு பிராயத்தில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடாதவர் நம்மில் அரியர். ஒருவன் அரிசி கொணர்வான். ஒருத்தி பருப்புக் கொணர்வாள். மற்றொருவன் புறக்கடையிலிருந்து இரண்டு கத்தரிக்காய் பறித்து வருவான். தனித்து நின்றால் எதற்கும் போதாத அப்பொருள்கள், ஒரு பானையில் சேர்ந்தவுடன் எல்லோருக்கும் போதிய உணவாகிவிடும். ஊர்ப் பொதுநிலத்திலோ பள்ளி வளாகத்திலோ பலர் கூடிக் காய்கறி பயிரிடும் கூட்டுத் தோட்டத்தின் தத்துவமும் இதுவேயாகும்.

எங்கள் ஆழ்வார்திருநகரி, தாமிரபருணியின் தென்கரையில் அமைந்த ஊர். அவ்வாற்றின் அணைக்கட்டுகளுள் கடைசியானதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எங்களுக்கு அண்மையில் உள்ளது. நெல்லும் வாழையும் செழிக்கும் இம்மண்ணில் நாலு பாத்தி காய்கறி போடுவது அரிய செயலா என்று நீங்கள் வினவலாம். நானும் அவ்வாறே எண்ணிப் பிழைபட்டேன்.

தலைமையாசிரியராய் இருந்த காலத்தில், ஓர் ஆடி மாதம், பள்ளியின் பின்புறத்தில் பாத்தி கட்டி, வகுப்புக்கு ஒன்றாகப் பகிர்ந்தளித்தேன். பிள்ளைகள் குடம் குடமாக நீர் சுமந்தார்கள். முதற் காய்ப்பிலேயே ஒரு கூடைக் கத்தரிக்காய் கிடைத்தது. அதனை ஆசிரியர் வீடுகளுக்கும், பள்ளியைப் பார்க்க வந்த பெரியவர்களுக்கும் பெருமையோடு அனுப்பினேன். நீர் சுமந்த பிள்ளைகளுக்கு ஒரு காயும் கிட்டவில்லை. அடுத்த ஆடியில் விதை இருந்தது, நீர் இருந்தது, பிள்ளைகள் வரவில்லை. குற்றம் என்னுடையதே.

சிறுவர் தோட்டம் வாடிய கதை பிற நாட்டிலும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், 1864-ஆம் ஆண்டில், ஹவுஷில்ட் என்னும் பள்ளித் தலைவர் பெற்றோரைக் கூட்டி ஒரு சங்கம் நிறுவினார். குழந்தைகளின் உடல்நலம் பற்றி எழுதிய ஷ்ரேபர் என்னும் மருத்துவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சங்கத்தின் விளையாட்டுத் திடலோரத்தில், கெசெல் என்னும் ஆசிரியர் சிறுவர்களுக்காகப் பாத்திகள் அமைத்தார். சிறுவர்கள் நாளடைவில் சலிப்புற்றார்கள், களை மண்டியது. அப்பொழுது பெற்றோர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பாத்திகள் குடும்பத் தோட்டங்களாயின. இன்று ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்பது அந்நாடு முழுவதும் வழங்கும் சொல். உழைத்தவரே விளைந்ததை உண்டமையால் தோட்டம் நிலைத்தது என்பதே நான் அதிலிருந்து கற்ற பாடம்.

ஓய்வு பெற்றபின், ஊரார் சிலரோடு கூடிப் பொதுநிலம் ஒன்றில் மீண்டும் முயன்றேன். இம்முறை மூன்று விதிகள் வகுத்தோம். பாத்தி அவரவருக்கு, நீரும் வரப்பும் எல்லோருக்கும் என்பது முதல் விதி. மாதம் ஒரு நாள், ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பொதுப் பானையில் சமைத்து, உழைத்தவர் அனைவரும் கூடியுண்ண வேண்டும் என்பது இரண்டாம் விதி. விதையை ஓரிடத்தில் வையாமல் பல வீடுகளில் பகிர்ந்து வைக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி.

இனி, பருவத்தின் காரணத்தைச் சற்று நோக்குவோம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வெறும் பழமொழியன்று. நாட்டு அவரையை ஆடியில் விதைத்தால், பகல் குறுகி இரவு நீளும் காலம் வரும்வரை அது பூவாமல் கொடியாகவே படரும். கார்த்திகை, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். இதை அறியாதவர், ‘மலட்டுக் கொடி’ என்று புரட்டாசியிலேயே பிடுங்கி எறிவர். ஐப்பசி அடைமழையில் கீரை அழுகும். ஆதலின் அக்காலத்துப் பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வழி செய்தல் வேண்டும். தை பிறந்தால் சிறுகிழங்கு கிடைக்கும். அதனைக் கோணிப்பையில் இட்டுத் தேய்த்தால் மெல்லிய தோல் எளிதிற் கழன்றுவிடும். கோடைக்கு வெள்ளரியும் தண்டுக்கீரையும் ஏற்றவை.

பொதுப் பானையில் நாங்கள் ஆக்குவது நெல்லைச் சீமைக் கூட்டாஞ்சோறு. துவரம்பருப்பு அரைவேக்காடானதும் அரிசியை இடுவோம். அந்தந்த மாதத்துக் காய்களில் கடினமானவற்றை முன்னும், மெல்லியவற்றைப் பின்னும் சேர்ப்போம். காய்கள் வெந்த பின்னரே புளிக்கரைசலை ஊற்றுவோம். புளிப்பு முந்தினால் பருப்பும் காயும் எளிதில் மெத்தென ஆகா. இறுதியில் முருங்கைக்கீரையும், தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுதும் சேர்த்துக் கிளறி, கடுகு கறிவேப்பிலை தாளித்து இறக்குவோம். ஆடியிலும் தையிலும் பெயர் ஒன்றே, சுவை வேறு. பானையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

எங்கள் மூன்றாம் விதிக்கும் ஒரு சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபருணி கரை புரண்டது. எங்கள் பாத்திகள் மணல்மேடாயின; தோட்டத்துக் கொட்டகையும் அதிலிருந்த விதைகளும் வெள்ளத்தோடு போயின. ஆயினும், நீர் புகாத சில வீடுகளின் பரணில் சாம்பல் கலந்து கட்டி வைத்த விதைகள் தப்பின. தை மாதத்தில் மணலை வாரிக் கொட்டிவிட்டு, அவற்றைக் கொண்டே வெண்டையும் வெள்ளரியும் விதைத்தோம். அவ்வாண்டு முதன்முதலாகப் பொதுப் பானை ஏறிய நாளில், கிடைத்த காய் மிகக் குறைவு. வந்த பிள்ளைகளோ முன்னினும் மிகுதி.

மாணவச் செல்வங்களே! உங்கள் பள்ளியிலும் நாலு பாத்திக்கு இடமிருக்கும். விதைப்பதற்கு முன்னரே, விளைவதை யார் உண்பது என்பதைத் தீர்மானித்துக் கொள்ளுங்கள். நீர் சுமந்த பிள்ளையின் இலையில் முதற் காய் விழட்டும். அதை நான் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் இப்பொழுதே கற்றுக்கொள்ளலாம்.