சும்மா உருளும் இரண்டு சக்கரங்கள்

சரக்கு ஏற்றாத பிக்கப் வண்டி சேற்றைக் கண்டால் பயப்படத்தான் வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, ஓட்டுநர் இருக்கை எல்லாம் முன்பக்கம். பின்னால் இருப்பது வெறும் தகரத் தொட்டி. ஆனால் வண்டியைத் தள்ளும் வேலை மட்டும் பின் சக்கரங்களுக்கு. 1,600 கிலோ எடையுள்ள வண்டி, அதில் 960 கிலோ முன் சக்கரங்கள் மேல், 640 கிலோ பின் சக்கரங்கள் மேல் என்று வைத்துக்கொள்வோம். ஈர மண்ணில் ஒரு சக்கரம் தன்மேல் அழுத்தும் எடையில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குத்தான் தரையைப் பிடித்துத் தள்ள முடியும் என்றால், பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தருவது 192 கிலோ விசை. அந்த மண்ணில் டயர்கள் புதைந்து புதைந்து உருள்வதற்கே மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ விசை தேவைப்பட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பற்றாக்குறை வெறும் எட்டுக் கிலோதான். இதில் எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு பின் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

முன் சக்கரங்களையும் அதே எஞ்சினோடு கோத்துவிட்டால் அதே மண்ணில் 480 கிலோ விசை கிடைக்கும். உருள்வதற்கு 200 போனாலும் 280 மிச்சம். நூறு மீட்டருக்குப் பதினேழு மீட்டர் உயரும் ஏற்றத்தைச் சேற்றிலேயே ஏறிவிடலாம். இத்தனைக்கும் எஞ்சின் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. கூடுதல் எடை சேர்ந்ததுதான் மிச்சம். அதுவரை சுமையாக மட்டும் உட்கார்ந்திருந்த 960 கிலோவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்றதும் பலம் பொருந்திய வண்டி என்று நினைத்துக்கொள்கிறோம். எடையைச் சும்மா விடாத வண்டி என்பதுதான் சரி.

அமெரிக்காவில் 1930களிலிருந்து 1950கள் வரை முன் சக்கரங்களையும் கோத்துத் தரும் இந்த வேலைக்கென்றே தனி நிறுவனங்கள் இருந்தன. எண்ணெய்க் கிணறு, காடு, மின்கம்பி, மாட்டுப் பண்ணை என்று சாலை முடிந்த பிறகும் போக வேண்டியவர்கள் அங்கே ஏராளம். ஆனால் பெரிய கார் நிறுவனங்களின் சாதாரண பிக்கப்புகள் இரு சக்கர இயக்கத்தோடுதான் வந்தன. இண்டியானாபொலிஸ் நகரின் மார்மன்–ஹெரிங்டன் 1935 முதல் ஃபோர்டு லாரிகளை வாங்கி நான்கு சக்கரங்களும் இயங்கும்படி மாற்றி விற்றது. மினியாபொலிஸ் நகரின் நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, சுருக்கமாக நாப்கோ, ‘பவர்-பேக்’ என்ற பெயரில் மாற்றுச் சாமான்களை ஒரே தொகுப்பாகவே விற்றது. தேவையான அனைத்தும் அதில் இருக்கும். உங்கள் செவ்ரோலெட்டில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1956இல் ஜிஎம்சியும் 1957இல் செவ்ரோலெட்டும் தங்கள் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தன.

பூட்டுவது என்னவோ சுலபம். அந்தச் சாமான்களை யோசித்து உருவாக்கியதுதான் பெரிய காரியம். எஞ்சின் விசையை முன்னால் கொண்டுபோவது அதில் பாதிகூட இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சிறு ஷாஃப்ட் ஒன்று, அதன் முனையில் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்கிற பல்சக்கரப் பெட்டி, அங்கிருந்து பின்னுக்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்னுக்கு ஒன்று. விசை முன் அச்சுக்கு வந்தாயிற்று. அதன் பிறகுதான் சக்கரங்களுக்குள் சண்டை தொடங்குகிறது.

முதல் சண்டை ஸ்டீயரிங்கோடு. பின் சக்கரம் எந்நேரமும் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். முன் சக்கரமோ முப்பது பாகை வரை திரும்ப வேண்டும், திரும்பிய நிலையிலும் சுழல வேண்டும். லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும் சிலுவை போன்ற யூ-ஜாயின்ட் வளைந்து சுழலத்தான் செய்யும், ஆனால் சீராகச் சுழலாது. ஒருபுறம் ஒரே வேகத்தில் சுற்றினால், மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். முப்பது பாகை வளைவில் அது 87 சதவீதத்துக்கும் 115 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடும். வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் கையில் ஸ்டீயரிங் துடிக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இரண்டு ஜாயின்ட்டுகளை இரு முனைகளிலும் வைத்து, ஒன்றின் கோளாறை இன்னொன்று ஈடுகட்டும்படி செய்துவிடலாம். சக்கரத்தின் குடத்துக்குள் அதற்கு இடம் ஏது?

ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ரெஸெப்பா 1920களில் இதற்கு ஒரு விடை கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை, இரண்டிலும் வெட்டிய வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். ஒரு ஷாஃப்ட்டின் சுழற்சி குண்டுகள் வழியாக மற்றதற்குப் போகிறது. ஷாஃப்ட்டுகள் எந்தக் கோணத்தில் மடங்கினாலும், அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே ஆறு குண்டுகளும் நிற்கும். அந்தத் தளத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஷாஃப்ட்டுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிறகு ஒன்று முந்தவோ மற்றது பிந்தவோ வழியில்லை. இத்தனை பெரிய தொல்லையைத் தீர்த்தது வெறும் வடிவியல் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இப்போது ஓடும் முன்சக்கர இயக்கக் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த ஜாயின்ட்டின் வாரிசுகளே இருக்கின்றன.

இன்னொரு வேடிக்கை. பின் அச்சை அப்படியே திருப்பி முன்னால் பொருத்தினால் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலாதா என்று கேட்கத் தோன்றும். சுழலாது. அச்சு திரும்பியிருப்பது போலவே, சுழற்சியும் அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. இரண்டு தலைகீழும் சேர்ந்து நேராகிவிடும். பல்சக்கரங்களின் பற்கள் மட்டும் வழக்கமான முகத்தை விட்டுவிட்டு மறுமுகத்தால் சுமையைத் தாங்கும்.

அடுத்தது இடதுக்கும் வலதுக்கும் உள்ள தகராறு. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு அச்சின் நடுவிலும் டிஃபரன்ஷியல். அது வேகத்தைப் பங்கு வைப்பதில் தாராளம். முறுக்கு விசையைப் பங்கு வைப்பதில் சமக்கணக்கு. உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரம் இருபக்கமும் சமமான தராசுக் கோல் போன்றது: ஒரு தட்டில் ஒன்றுமில்லாதபோது மறுதட்டில் எடை நிற்காது. ஒரு சக்கரம் வழுக்கும் சேற்றில் சுலபமாகச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். ஆக, நான்கு சக்கர இயக்கம் என்று பெயர் வைத்தாலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் ‘லாக்கர்’ தனியாக விற்பது இதனால்தான்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலோ டிஃபரன்ஷியலே கிடையாது. பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் நெம்புகோலைப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ஒரே வேகம். ஆனால் திரும்பும்போது முன் சக்கரங்கள் எப்போதும் பெரிய வட்டத்தில் போகின்றன. சக்கர இடைவெளி 2.6 மீட்டர், பின் அச்சின் நடு ஆறு மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், முன் அச்சின் நடு 6.5 மீட்டருக்குச் சற்று மேலான ஆரத்தில் திரும்பும். ஒன்பது சதவீத வித்தியாசம். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது. முறுக்கு ஷாஃப்ட்டுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கல்லாகும், டயர் சிணுங்கும், நெம்புகோல் நடுநிலைக்கு வர மறுக்கும், கடைசியில் எது பலவீனமோ அது உடையும்.

இதே காரணத்தால்தான் முன், பின் அச்சுகளில் உள்ள கிரௌன்–பினியன் பல்சக்கரங்களின் விகிதங்கள் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். பின்னால் 3.73, முன்னால் 4.10 என்று கிடைத்ததைப் போட்டால் நேர்ச்சாலையில்கூட இரண்டு அச்சும் மல்லுக்கட்டும். பழைய சாமான் கடையில் மலிவாக அச்சு வாங்கி வந்து மாட்டுகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது பற்களைத்தான். நாப்கோக்காரர்கள் இங்கே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டார்கள். செவ்ரோலெட்டின் பின் அச்சில் இருக்கும் உள் உறுப்புகளையே முன் அச்சுக்கும் எடுத்துக்கொண்டார்கள். விகிதம் பொருந்தும், பழுதானால் உதிரி பாகமும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு பரிசும் உண்டு: தாழ்ந்த கியர். அக்காலச் செவ்ரோலெட்டின் நாலு கியர் பெட்டியில் முதல் கியர் ஏறக்குறைய 7க்கு 1. டிரான்ஸ்ஃபர் கேஸில் 2, அச்சில் 4.5 என்று வைத்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 63 சுற்றுச் சுற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நிமிடத்துக்கு 600 சுற்றில் எஞ்சின் முனகிக்கொண்டிருந்தால், வண்டி மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பாறைமேல் இறங்கும்போது பிரேக்கைவிட இதைத்தான் நம்பலாம்.

நெம்புகோலை எடுத்துவிட்டு நல்ல சாலையில் ஓட்டினாலும், முன் சக்கரங்கள் தங்கள் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் எல்லாவற்றையும் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். 1948இல் தொடங்கிய வார்ன் நிறுவனம், சக்கரக் குடத்திலேயே இணைப்பைத் துண்டிக்கும் ‘ஹப்’ விற்றுத்தான் பெயர் வாங்கியது. ஒரு தொல்லை: அதைப் பூட்ட ஓட்டுநர் கீழே இறங்கிச் சக்கரத்தருகே குனிய வேண்டும். வண்டி சிக்கிய பிறகு ஞாபகம் வந்தால், முழங்கால் சேற்றில் நின்றுதான் திருக வேண்டும்.

இவ்வளவும் ‘பூட்டிக்கொள்ளும்’ அளவுக்கு எளிதாக இருந்ததற்கு வண்டியின் பழமையே காரணம். 1950களின் செவ்ரோலெட் பிக்கப்பில் முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான், குறுக்கே ஒற்றை இரும்புக் கட்டைதான். கட்டையை எடுத்துவிட்டு, விசை பெறும் அச்சை அங்கே மாட்டினால் போதும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்காமல் இருக்க வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்; அந்த உயரம் பிறகு கம்பீரமாகிவிட்டது. 1960இல் இரு சக்கர இயக்க மாடல்களுக்கு இடதும் வலதும் தனித்தனியே ஆடும் முன் சஸ்பென்ஷன் வந்தது. பயணம் சொகுசானது, ஆனால் அச்சை மாட்ட இடமில்லாமல் போயிற்று. செவ்ரோலெட் அதே ஆண்டில் நான்கு சக்கர இயக்க வண்டியைத் தானே செய்ய ஆரம்பித்தது.

அதற்குப் பிந்திய வண்டிகளை இன்று மாற்ற நினைப்பவர்கள் பலர், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு வழிக்குப் போகிறார்கள். துருப்பிடித்து உடல் உளுத்துப்போன அதே மாடல் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைத் தேடி வாங்குகிறார்கள். தங்கள் வண்டியின் உடலைத் தூக்கி அதன் சேஸின்மேல் உட்கார வைக்கிறார்கள். வெல்டிங் குறைவு, விகிதங்கள் முன்பே பொருந்தியிருக்கும், செலவும் பெரும்பாலும் குறைவுதான். மாற்றியது எந்த வண்டியை என்பது பதிவு அலுவலகத்துக்காரர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.