அமுக்கரா மூளை செல்லைக் காக்குமா? எலி வரைக்கும் ஓகே, அதற்குப் பிறகு?

ஹப்சிகுடாவில் உப்பல் ரோட்டில் இருக்கிறது சிசிஎம்பி. செல்கள் எப்படி வாழ்கின்றன, எப்படிச் சாகின்றன என்று ஆராயும் மத்திய அரசு நிறுவனம். அங்கிருந்து கொஞ்சம் நடந்து ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள், அஸ்வகந்தா மாத்திரை ஈஸியாகக் கிடைக்கும். நம்ம ஊர் அமுக்கரா கிழங்குதான் அது. ஊரில் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது என்றதும், அதை வாங்கி அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்களா? ஆய்வகத்துக்கும் அந்த மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

மூளை செல் எப்படிச் சேதமாகிறது?

மூளை செல்கள் ஒன்றோடொன்று பேச குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வேண்டும். பேசி முடித்ததும் அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். அது தேங்கிவிட்டால் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாயும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கும், கடைசியில் செல்லே செத்துவிடும். அல்சைமரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு: அமிலாய்டு என்ற புரதம் செல்களுக்கு வெளியே படிந்துகொண்டே போகும்.

ஜப்பானில் என்ன நடந்தது?

ஜப்பானின் பாரம்பரிய மருத்துவம் கம்போ. அதில் யோகுகான்சான் என்பது ஏழு மூலிகைகள் சேர்ந்த மருந்து. தேங்கிய குளுட்டமேட்டை அகற்ற அது துணை செல்களுக்கு உதவுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. மனிதர்களிடம் என்ன ஆனது? 2005இல் வெளியான ஆய்வில் 52 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் கோபம், மாயத்தோற்றம் போன்ற தொல்லைகள் குறைந்தன. ஆனால் ஞாபகசக்தி மதிப்பெண் மாறவில்லை. அல்சைமர் நோயாளிகளிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டு 2017இல் வெளியான சோதனையில், மொத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

சரி, நம்ம அமுக்கரா?

2012இல் வந்த ஆய்வுதான் இதில் முக்கியமானது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழு, அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு 30 நாள் அமுக்கரா வேர்ச்சாறு கொடுத்தது. நினைவாற்றல் திரும்பியது, அமிலாய்டு படிவு குறைந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், சாறு வேலை செய்த முக்கிய இடம் கல்லீரல்! அங்கே ஒரு புரதம் கூடியதால், மூளையிலிருந்த அமிலாய்டு ரத்தத்துக்கு இழுக்கப்பட்டு வெளியேறியது.

நல்ல செய்திதான். ஆனால் எலியைக் குணமாக்கிய எத்தனையோ அல்சைமர் மருந்துகள் மனிதர்களிடம் தோற்றிருக்கின்றன. அமுக்கரா அல்சைமரைத் தடுக்கும் என்று பெரிய மனிதச் சோதனை எதுவும் இதுவரை நிரூபிக்கவில்லை.

மூலிகை ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறது, அதிலும் ஒரு சென்னைக் கனெக்‌ஷன் உண்டு. 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். 1960களில் அதே எல்-டோபா பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது, இன்றும் முதன்மை மருந்து அதுதான். ஆனால் அது செய்வது மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுவது. நடுக்கம், விறைப்பு குறையும். செல்கள் சாவதை அது நிறுத்துவதாக நிரூபணம் இல்லை. நிவாரணம் வேறு, பாதுகாப்பு வேறு.

அப்போ என்ன செய்யலாம்?

'மூளை செல்லைக் காக்கும்' என்று படித்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கே காத்தது? ஆய்வகத் தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

மூலிகைதானே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். அமுக்கராவால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரையோடும் மோதலாம். பார்க்கின்சன் மருந்து எடுப்பவர் பூனைக்காலிப் பொடியும் சாப்பிட்டால் டோஸ் எகிறிவிடும்.

முக்கியமாக, மறதி தெரிந்தால் முதலில் டெஸ்ட். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாமே மறதி தரும். இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை டப்பாவை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், அந்த நேரம்தான் வீணாகும்.