திரும்பி வந்த நிலக்கடலையை என்ன செய்வது?

இணையச் சந்தையில் நிலக்கடலைப் பருப்பு விற்கும் விவசாயிகளுக்குச் சில சமயம் சரக்கு தடை செய்யப்பட்டுத் திரும்பி வருவதுண்டு. அதை நல்ல சரக்குடன் கலந்துவிடக் கூடாது. தனியே அடுக்கி, தடைக்கான காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் விடுபட்டிருந்தால் பருப்பில் குறையில்லை. லேபிளைத் திருத்தி மீண்டும் விற்கலாம்.

வாங்குவோரிடம் சேரும்போது பொருளின் ஆயுளில் 30 சதமோ, காலாவதிக்கு 45 நாட்களோ மீதமிருக்க வேண்டுமென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாள் குறைந்த நல்ல சரக்கைக் காலாவதிக்கு முன் உள்ளூரிலேயே விற்றுவிடுவது நலம். தேதியை மாற்றி ஒட்டுவது குற்றம்.

பூஞ்சாணம் பிடித்த பருப்பை எங்கும் விற்கலாகாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முற்றிலும் அழியாது. எண்ணெய் ஆட்டினால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் பசுவின் பாலிலும் நஞ்சு கலக்கும். ஆகவே நட்டத்தைப் பாராமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

அறுவடையானதும், குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை காயை உலர்த்தி, ஈரப்பதம் 8 சதத்திற்கு மிகாமல் சேமித்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.