கடலோரக் காவற் கலங்கள்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பேராக் ஆற்றை நன்கறிவர்; அது சென்று சேரும் கடலை அறிந்தவர் சிலரே. அக்கடலைக் காப்போர் யாவர் என்பதை ஈண்டு விளக்குவோம்.

கடற்படை வேறு, கடலோரக் காவற்படை வேறு. பகைவரைத் தடுப்பது முன்னதன் கடமை. படகு கவிழ்ந்த மீனவரைத் தேடுதல், கடத்தலைத் தடுத்தல், அயலார் நம் மீனை அள்ளிச் செல்லாது பார்த்தல் முதலியன பின்னதன் பணி. முன்னர் இவற்றைக் கடற்படை, கடற்போலீஸ், சுங்கத்துறை, மீன்துறை எனப் பலரும் பகிர்ந்து செய்தனர். பலர் பொறுப்பு யார் பொறுப்பும் அன்று என்றாகிவிடும் அன்றோ? ஆதலால் 2004-இல் சட்டம் இயற்றப்பெற்று, மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் 2005 நவம்பர் 30-இல் செயற்படத் தொடங்கியது.

கடற்படையின் முஸ்தாரி, மாரிக் என்னும் இரு கப்பல்கள் 2006-இல் இந்நிறுவனத்திற்கு மாறி, லங்காவி, பங்கி எனப் பெயர் பூண்டன. (வியாழன், செவ்வாய் என்பன அப்பழம்பெயர்களின் பொருள்.) ஓய்வுபெற்ற கடற்படையினர் குழுவாக அவற்றைக் காணச் சென்றால், இளமையில் தாம் காவல் நின்ற அதே தளத்தில் மீண்டும் கால் வைப்பர். சாம்பல் வண்ணம் மட்டும் வெண்மையாகியிருக்கும்.

இதன் புதிய தலைமுறை ரோந்துக் கலங்களுள் முதலாவதன் பெயர் 'பாகான் டத்தோ'. 2017-இல் தனி மாவட்டமாகும்வரை, தெலுக் இந்தானைத் தலைநகராகக் கொண்ட நம் கீழ்ப்பேராக்கில் அடங்கியிருந்த ஊரே அது.

கடல் உத்தியோகம் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாது எனப் பெற்றோர் சிலர் கூறக் கேட்கிறோம். நாம் அதனை ஏற்பதற்கில்லை. 1967 டிசம்பரில், தம் 31-ஆம் வயதில், நாட்டின் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் தனபாலசிங்கம் என்னும் தமிழரே.

கடலிலோ கழிமுகத்திலோ படகு ஆபத்துக்குள்ளாவதைக் கண்டால் 999 எண்ணை அழைத்து இடத்தைத் தெளிவாகக் கூறுக.