எலுமிச்சைக் கன்றில் இருப்பது காக்கை எச்சமா, புழுவா?

சென்ற ஐப்பசியில் புளியங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நட்டு ஐந்து மாதமே ஆன எலுமிச்சைக் கன்றுகள், அறுபது இருக்கும். மழைக்குப் பிறகு தளதளவென்று துளிர்த்தவை, பாதிக்கு மேல் வெறும் குச்சியாக நின்றன.

"இலையில காக்கா எச்சம் கெடக்குன்னு நெனைச்சேன் சார். மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்னு விட்டுட்டேன். பத்து நாள்ல மொட்டையடிச்சிருச்சு" என்றார் அந்த அம்மா. கையில் மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு பாட்டில்கள். "இதை அடிக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்று ஒரு துளிரைத் திருப்பிக் காட்டினேன்.

நான்கு பருவம், ஒரு மாதம்

அவர் எச்சம் என்று நினைத்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைகளை ஏமாற்றத்தான் அதற்கு அந்த வேடம். கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைத் தீற்றல். அசையாமல் இலைமேல் கிடக்கும்.

தாய்ப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு இறக்கையில் மஞ்சள் திட்டுகள், பின் இறக்கையின் உள்ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. இறக்கையை விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பலவற்றுக்குப் பின் இறக்கையில் வால் நீண்டிருக்கும். இதற்கு அது கிடையாது. பூவில் தேன் குடிப்பதோடு சரி, இலையைத் தொடாது.

ஆனால் முட்டையிடத் துளிரைத் தேடி வரும். வெளிர்மஞ்சளில், கடுகளவு உருண்டையாக, ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். சில நாளில் புழு வெளிவரும். நான்கு முறை தோலுரித்து, கடைசிப் பருவத்தில் எச்ச வேடம் களைந்து பச்சைப் புழுவாகிவிடும். நீளம் 4 சென்டிமீட்டருக்கு மேல். அதிகம் தின்பது இந்தப் பருவத்தில்தான். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல் சிவந்த உறுப்பை நீட்டி, காட்டமான வாடை வீசும். பயப்பட வேண்டாம், கையை ஒன்றும் செய்யாது.

பிறகு குச்சியில் ஒரு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. பச்சைத் தண்டில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கும். வெதுவெதுப்பான பருவத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை சுமார் ஒரு மாதம்.

எங்கே கவலைப்பட வேண்டும்?

காய்க்கும் மரத்தில் பத்துப் புழு தின்றாலும் மரம் தாங்கும். நாற்றங்காலிலும் இளங்கன்றிலும் அப்படி விட முடியாது. ஒன்றிரண்டு பெரிய புழுவே கன்றை மொட்டையாக்கிவிடும். கறிவேப்பிலையிலும் இதே புழு வரும். அங்கே இலையே நேராகச் சமையலுக்குப் போவதால், நஞ்சு தெளிப்பது இன்னும் ஆபத்து. வில்வம், விளா மரங்களிலும் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்?

துளிர் விடும் காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் கன்றுகளைச் சுற்றி வாருங்கள். முட்டையை நசுக்குங்கள், புழுவைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கூட்டுப்புழுக்களை ஒரு பானையிலிட்டு வாயைக் கொசுவலையால் கட்டி, தோட்டத்தில் வையுங்கள். கூட்டுப்புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் வலை வழியே வெளியேறி நமக்கு வேலை செய்யும். வண்ணத்துப்பூச்சி உள்ளேயே நின்றுவிடும். கண்டபடி ரசாயனம் அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிகள்தான்.

கையால் எடுத்து மாளவில்லை என்றால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன்.

அந்த அம்மாவும் அவர் மகளும் அன்றைக்கே பொறுக்க ஆரம்பித்தார்கள். நான்கு கன்றுகள் பிழைக்கவில்லை. மற்றவை தை மாதத்தில் மறுபடி துளிர்த்திருந்தன. பாட்டில்கள் இரண்டும் மூடி திறக்காமலே கடைக்குத் திரும்பிப் போயின.

உங்கள் கன்றுகளில் எச்சம் தெரிந்தால் குச்சியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். பயிர், கன்றின் வயது, பார்த்த நாள் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.