அஞ்சாம் நம்பர் மலைக்கு எந்த வழி?

டயகமவில் ஒரு சின்னக் கடை. காலை ஐந்தரை மணி. வெறுந்தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, ஹோட்டன் சமவெளிக்கு நடந்து ஏறப் போகிறேன் என்றேன். கடைக்கார அம்மா முதலில் என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு வெளியே எட்டி மலையைப் பார்த்தார்.

"இப்பவே கெளம்பிருங்க தம்பி. ஒம்போது மணிக்கு மேல மூட்டம் எறங்கிரும், ஒன்னுமே தெரியாது. அஞ்சாம் நம்பர் மலைப் பக்கமா ஏறுங்க. ரோட்டால போனா சுத்து."

முதல் நாள் மாலை அக்கரப்பத்தனை பஸ் தரிப்பிடத்தில் நின்று கைப்பேசியிலும் கேட்டிருந்தேன். ஹோட்டன் சமவெளியின் விளிம்பிலுள்ள உலக முடிவைப் பாருங்கள், நாலரை நட்சத்திரத்துக்கு மேல் என்றது பயணச் செயலி. எந்த நேரத்தில், எந்த வழியாக, இந்தக் கால்களோடு என்பதெல்லாம் அதற்குத் தெரியவில்லை. அந்த அம்மா என் சப்பாத்தையும் வானத்தையும் வழியையும் நேரத்தையும் ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிட்டார். ஆளுக்கேற்ற பயணப் பரிந்துரைச் செயலி ஒன்றை வடிவமைக்க உட்காருபவர் அந்தப் பார்வையைத்தான் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் இப்போது இதற்கு அவசரமான தேவை வந்திருக்கிறது. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர, புண்டலுஓயா, பொகவந்தலாவை, டயகம, ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்தில் முடிகிற பீகோ டிரெயில் என்ற நடைவழி 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனமும் இதற்கு உதவின. தேயிலையைத் தொழிற்சாலைக்கும் ரயிலடிக்கும் கொண்டுபோக வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய பழைய தோட்டப் பாதைகளே இந்த வழியில் பெரும்பகுதி. கடைகளில் பி.ஓ.பி. என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் கடைசி எழுத்துத்தான் இந்த பீகோ. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவும் வழியில் வருகிறது. எங்கிருந்தோ வருகிற ஒருவர் டயகமவில் இரவு தங்கி, மறுநாள் மலையேறுவது இனி அபூர்வம் அல்ல. அவர் கையில் போன் இருக்கும். அந்தப் போன் அவருக்கு என்ன சொல்லும்?

இன்றைய பரிந்துரைச் செயலிகளின் அடிப்படை யோசனை எளிமையானது. உங்களுக்கும் எனக்கும் பிடித்த பத்து இடங்களில் எட்டு ஒன்றாக இருந்தால், உங்களுக்குப் பிடித்த ஒன்பதாவது எனக்கும் பிடிக்கக்கூடும். 1992இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், மின்னஞ்சல்களைத் தரம் பிரிக்க எழுதிய டாபெஸ்ட்ரி என்ற மென்பொருளோடு இந்த முறைக்குக் கூட்டு வடிகட்டல் என்ற பொருளில் பெயர் வந்தது. 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், தன் கணிப்பைப் பத்து சதவீதம் மேம்படுத்துவோருக்குப் பத்து லட்சம் டொலர் என்று போட்டி அறிவித்தது. ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர், 17,770 படங்களுக்குப் போட்ட 10 கோடி மதிப்பெண்களைத் தந்து உதவியது. பரிசை வெல்ல மூன்று ஆண்டுகள் ஆயின.

படத்துக்குப் பொருந்திய கணக்கு மலைக்குப் பொருந்தாது. ஒரு படம் காலையில் பார்த்தாலும் இரவில் பார்த்தாலும் அதே படம். உலக முடிவு அப்படியா? காலை ஏழு மணிக்கு அங்கே நிற்பவருக்குக் காலடியில் பாதாளமும் தெற்கே விரியும் தாழ்நிலமும் தெரியும். பத்தரைக்கு வருபவருக்கு வெள்ளைச் சுவர். கீழே சூடேறும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகிவிடுகிறது. இருவரும் ஒரே இடத்துக்கு நட்சத்திரம் போடுகிறார்கள்; சராசரி எடுத்தால் இரண்டு உண்மையும் தொலைந்துபோகும்.

இன்னொரு தொல்லை, வலுத்தது மேலும் வலுப்பது. நிறையப் பேர் போன இடத்துக்குத்தான் நிறைய மதிப்பெண் இருக்கும். அதையே செயலி காட்டும். காட்டியதால் இன்னும் நிறையப் பேர் போவார்கள். அக்கரப்பத்தனைக்கும் மன்றாசிக்கும் யாரும் நட்சத்திரம் போடவில்லை என்றால் கணினியைப் பொறுத்தவரை அவை இல்லாத ஊர்கள். இதற்குக் கணிதத்தில் பழைய மருந்து ஒன்று உண்டு. 1933இல் தாம்சன் என்பவர், இரண்டு சிகிச்சைகளில் எது நல்லதென்று தெரியாத நிலையில் நோயாளிகளை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ஆராய்ந்தார். தெரிந்த நல்லதையே எல்லோருக்கும் கொடுத்துவிடாமல், நல்லதாக இருக்க வாய்ப்புள்ள அளவுக்கு ஏற்ப, தெரியாததையும் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர் வழி. இன்றைய செயலிகளிலும் அந்த முறை ஓடுகிறது. ஆனால் பாட்டுப் பட்டியலில் தெரியாத பாட்டைச் சேர்ப்பது வேறு. மழைக்காலத்தில் தெரியாத சரிவில் ஒரு மனிதரை ஏற்றிவிடுவது வேறு. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக, நிலைநிலையாக வெளியிடுகிறது. மஞ்சள் எச்சரிக்கை வந்த பிரதேசத்தின் ஏற்றவழிகள் அன்று பட்டியலிலேயே இருக்கக் கூடாது. ரசனைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த அம்மா என் சப்பாத்தைப் பார்த்தாரே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் வழக்கில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதாவது 10 கிலோமீட்டர் வழியில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால், சமதரையில் இரண்டு மணிக்குச் சற்று மேல் எடுக்கும் நடை மூன்று மணிக்கு மேல் நீளும். 1993இல் புவியியலாளர் வால்டோ டொப்ளர் இதை இன்னும் நுட்பமாக்கினார். அவருடைய சூத்திரத்தில் சமதரையில் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் நடப்பவர், லேசான இறக்கத்தில் 6 கிலோமீட்டரை எட்டுவார். நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் எழும் ஏற்றத்தில் அவர் வேகம் இரண்டரையாகக் குறையும். அதே சரிவில் இறங்கும்போதும் மூன்றரைதான். முழங்கால் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தச் சூத்திரம் சராசரி மனிதருக்கானது. அக்கரப்பத்தனைக்கு வரும் மனிதர் சராசரி மனிதரல்ல. அவர் முழங்கால் வலியுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, கைக்குழந்தையைத் தூக்கிவரும் தாயாகவோ, கொழுந்துப் பையோடு தினமும் இதே சரிவில் ஏறி இறங்கியவரின் கொழும்பில் வளர்ந்த பேத்தியாகவோ இருக்கலாம். அவரவர் வேகத்தை எங்கிருந்து அறிவது? முன்பு நடந்த நடைகளின் பதிவிலிருந்துதான். அப்படி நடந்த ஒரு வழிக்குச் சூத்திரம் இரண்டு மணி என்று சொல்லி அவருக்கு மூன்று மணி ஆகியிருந்தால், அடுத்த ஏற்றத்துக்கும் ஒன்றரை மடங்கு. ஜி.பி.எஸ். இதற்கு வலையமைப்பை எதிர்பார்ப்பதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் போதும், திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவில் இடம் சொல்லிவிடும். சிக்னல் விழாத பள்ளங்களில் இது பெரிய உதவி. வரைபடத்தையும் கணக்கையும் முன்கூட்டியே போனுக்குள் இறக்கிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சில போன்களில் காற்றழுத்தமானியும் இருக்கிறது. இந்த உயரத்தில் சுமார் 10 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதை வைத்து ஏற்றத்தை அளந்துவிடலாம்.

அப்படியானால் இந்தப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் நாட்குறிப்புத்தான் வித்து, பரிந்துரை அதில் முளைப்பது. பெரும்பாலான செயலிகளில் நாட்குறிப்பு, பயணம் முடிந்தபின் படம் ஒட்டும் அலங்காரப் பக்கமாகவே இருக்கிறது. நான் அதையே முதல் பக்கமாக வைப்பேன்.

காரணம் நம் நினைவு. 1993இல் டேனியல் கானமனும் அவரது கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும் 30 விநாடி கூடுதல். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, மொத்த வலி அதிகமான நீண்ட சோதனையையே பெரும்பாலானோர் தேர்ந்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்தது, மனம் அதையே பிடித்துக்கொண்டது. உச்சத்தையும் முடிவையும் வைத்தே முழுதையும் மதிப்பிடுகிறோம். ஐந்து மணி நேர அருமையான நடை, கடைசி அரைமணி நேர மழையால் இரண்டு நட்சத்திரம் வாங்கும். நடக்கும்போதே, நின்ற இடத்தில் எழுதும் ஒரு வரி இந்தக் கோணலை நேராக்கும்.

படம் எடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2014இல் உளவியலாளர் லிண்டா ஹென்கல், அருங்காட்சியகத்துக்கு ஆட்களை அனுப்பிச் சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். படமெடுத்தவை நினைவில் குறைவாகவே நின்றன. ஒரு சின்னப் பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது இந்த இழப்பு ஏற்படவில்லை. ஆகவே செயலி, மொத்த மலையைப் பிடிக்கச் சொல்லாமல், ஒரு கல், ஒரு இலை, கோயில் வாசல் மணி என்று ஏதாவது ஒன்றைக் கேட்கலாம்.

இந்த மலைகளுக்கு வந்த பழைய பயணி ஒருவரின் கதை, குறிப்பைப் பத்திரமாக வைப்பது பற்றிச் சொல்லும். 1344இல் இபின் பதூதா இலங்கையில் இறங்கியபோது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, சிவனொளிபாதமலைக்குத் துணையாட்களோடு அனுப்பிவைத்தார். பின்னர் மலபார்க் கரையோரம் கடற்கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தார்கள். அரசர் தந்த மணிகளும் போயின, வேறு ஊர்களில் எழுதிவைத்த குறிப்புகளும் போயின. பத்தாண்டுகளுக்குப் பிறகு மொரோக்கோவில் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதியதே நம் கையில் இருக்கும் நூல்.

இனி மொழி. "அஞ்சாம் நம்பர் மலை" எந்த வரைபடத்திலும் இல்லை. மேக்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய ஸ்டோர், கொழுந்து மடுவம், பெரட்டுக்களம் என்றெல்லாம் தோட்டத்து மக்கள் சொல்லும் அடையாளங்கள் அதில் இல்லை. அதிலே இருப்பது ஹோல்புறூக், டொரிங்டன், வேவர்லி. அக்கரப்பத்தனை என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பத்தன என்பது மலைநாட்டுப் புல்வெளிக்குச் சிங்களச் சொல், தேயிலைக்கு முன்னே இங்கே என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு குறிப்பு. அந்தப் பெயரை அக்கரப்பத்தனை, அக்கரபத்தனை, அகரபத்தன என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஹட்டனை அட்டன் என்பாரும் உண்டு. ஒவ்வொன்றையும் வேறு ஊர் என்று கணினி நினைத்தால் நாட்குறிப்புகள் சிதறிப்போகும்.

அதைவிடச் சின்னச் சிக்கல் ஒன்று எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. யூனிகோட்டில் "கொழுந்து" என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு வேறு எண் வரிசை. ஒழுங்குபடுத்தாமல் விட்டால் ஒருவர் எழுதிய கொழுந்தை இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒழுங்குபடுத்தும் விதி யூனிகோட்டிலேயே இருக்கிறது. செயலி எழுதுபவர் அதை ஒரு வரியில் அழைத்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதத் தமிழ் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, எழுதியது யார் கண்ணில் படும் என்று கேட்காமல் இருக்க முடியாது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 15 இலட்சம் பேரின் 15 மாத கைப்பேசிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. ஆனாலும் ஒருவர் எந்நேரம் எங்கே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் தெரிந்தால், 95 சதவீதத்தினரைத் தனியே அடையாளம் பிரித்துவிடலாம் என்று தெரிந்தது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் உலகம் முழுவதும் மக்கள் ஓடிய தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது; 2018 ஜனவரியில் பாலைவனங்களிலிருந்த இராணுவ முகாம்களின் உருவம் அதில் ஒளிர்ந்ததைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துப் பாதை, தொழிலாளர் வசிக்கும் லயத்து வாசல் வழியாகத்தான் போகிறது. வருபவரின் தடத்தைக் காட்டும் கோடு, அங்கே வசிப்பவரின் வாசலையும் காட்டுகிறது. எனவே குறிப்பு போனுக்குள்ளேயே இருக்கட்டும். பாடம் கற்கும் கணக்கும் போனுக்குள்ளேயே நடந்து, திருத்திய எண்கள் மட்டும் வெளியே போகும் முறைகள் பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளன. லயத்தைச் சுற்றிய தடத்தை அழித்துவிட்டே எதையும் பகிர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களைக் காட்சிப் பொருளாக எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது.

நூறாண்டுகளுக்கு முன் வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டே உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டார். இன்று வெளியாட்களை அழைக்கிறோம். அழைப்பில் அங்கே இருப்பவர் சொல்லும் இருக்க வேண்டும்: இந்த வழி வேண்டாம், இந்த நேரத்தில் வேண்டாம், திருவிழாக் கிழமையில் வாருங்கள், இந்தக் கடையில் ரொட்டி கிடைக்கும் என்று அவர்கள் எழுதும் இடம் செயலியில் இருக்க வேண்டும்.

அன்று நான் ஏறியபோது எழுதிய குறிப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. 6.10, தேயிலை முடிகிறது, காடு தொடங்குகிறது. 7.25, அட்டை, இரண்டு. 8.40, புல்வெளி, காற்று, எல்லாம் தெளிவு. 9.15, மூட்டம். அதற்குக் கீழே, இறங்கி வந்து கடைக்கார அம்மாவிடம் கேட்டு எழுதிய ஒரு வரி: அஞ்சாம் நம்பர் மலைக்கு அவருடைய அம்மா காலத்தில் வேறு பெயர் இருந்ததாம், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.