வயர் இல்லாத டிரிம்மரிலும் ஷாக் அடிக்குமா? உயரமான வேலிச்செடியை வெட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புது வீட்டுக்குக் குடி வந்ததும் மதில் ஓரமாக வரிசையாகச் செடி நடுவோம். துரந்தா, செம்பருத்தி, மருதாணி, அரளி, காகிதப்பூ என ஆளுக்கொரு விருப்பம். எதிர்வீட்டுப் பார்வை படக்கூடாது, தெருப் புழுதி உள்ளே வரக்கூடாது என்பதுதான் கணக்கு. முதல் இரண்டு வருஷம் கைக்கத்தரியே போதும். மூணாவது வருஷம் பார்த்தால் செடி மதிலைத் தாண்டி, கையெட்டாத உயரத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கும். வெட்ட ஆளைக் கூப்பிட்டால், 'அடுத்த வாரம் வரேன் சார்' என்ற பதில்தான் கிடைக்கும்.

இந்த நேரத்தில்தான் 'கார்ட்லெஸ் போல் ஹெட்ஜ் டிரிம்மர்' ஆன்லைனில் கண்ணில் படுகிறது. நீளமான கம்பு, நுனியில் பல்வரிசை பிளேடு, அடியில் பேட்டரி. ஏணி வேண்டாம், வயர் வேண்டாம், தரையில் நின்றபடியே வெட்டலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனால், விளம்பர வீடியோவில் வரும் தோட்டத்துக்கு மேலே கரண்ட் கம்பி போவதில்லை. நம் தெருவில் போகிறது.

இது என்ன கருவி?

கிராமத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டியைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கம்பு, நுனியில் அரிவாள். அதே யோசனைதான் இதுவும். அரிவாளுக்குப் பதிலாக, ஒன்றின் மேல் ஒன்றாக முன்னும் பின்னும் வேகமாக ஓடும் இரண்டு பிளேடுகள். சலூனில் முடி வெட்டும் மெஷினைப் பெரிதாக்கியது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பெயரில் குழப்பம் வரும். வெறும் 'டிரிம்மர்' என்று தேடினால் புல் வெட்டும் கருவி வரும். 'போல் சா' என்பது நுனியில் சங்கிலி ரம்பம் உள்ளது. தடித்த கிளையை அறுக்க மட்டும். வேலிச்செடிக்குத் தேவை 'போல் ஹெட்ஜ் டிரிம்மர்'.

இதன் பல் இடைவெளி பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். தோராயமாகச் சொன்னால், சுண்டுவிரல் கனமுள்ள கொப்பு வரை வெட்டும். அதைவிடத் தடித்ததைத் திணித்தால் பிளேடு சிக்கி நின்றுவிடும். பல வருஷம் வெட்டாமல் விட்ட செடி என்றால், தடித்த கிளைகளை முதலில் கைரம்பத்தால் எடுத்தாக வேண்டும்.

எவ்வளவு உயரம் எட்டும்? ஏன் இவ்வளவு கனக்கிறது?

முழுதாக நீட்டினால் பெரும்பாலான மாடல்கள் 2 முதல் 2.6 மீட்டர் நீளம் வரும். பெட்டியில் போட்டிருக்கும் 'எட்டும் உயரம்' என்பது, ஆளின் உயரத்தையும் சேர்த்த கணக்கு. நடைமுறையில் கம்பைச் சாய்த்துத்தான் பிடிப்போம் என்பதால், சுமார் 3 மீட்டர், அதாவது 10 அடி உயரச் செடி வரை சௌகரியமாக வெட்டலாம்.

எடை 3.5 முதல் 5 கிலோ. கேட்க லேசாகத் தெரியும். ஆனால் மோட்டாரும் பிளேடும் கம்பின் நுனியில் இருக்கின்றன. ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடிப்பதும், அதையே ஆறடிக் கழியின் நுனியில் கட்டித் தூக்குவதும் ஒன்றா? அதே கதைதான் இங்கேயும். பத்து நிமிஷத்தில் தோள் கடுக்கும். கை தளர்ந்தால் பிளேடு நாம் நினைக்காத இடத்துக்குப் போகும். அதனால் தோளில் மாட்டும் பெல்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். கடைக்குப் போக முடிந்தால் முழுதாக நீட்டி, இரண்டு நிமிஷம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏணி போட்டு, சாதாரண டிரிம்மரால் வெட்டினால் என்ன?

வெட்டும் கருவிக்கு இரண்டு கையும் வேண்டும். அப்புறம் ஏணியைப் பிடிக்கக் கை ஏது? செடி ஓர மண், தண்ணீர் ஊற்றி ஊற்றி எப்போதும் பொதபொதவென்றுதான் இருக்கும். ஏணியின் ஒரு கால் இறங்கினால் போதும், ஆள் விழுவார். ஓடுகிற பிளேடும் கூடவே விழும். தரையில் நின்று வெட்டலாம் என்பதுதான் போல் டிரிம்மரின் பெரிய லாபம்.

'அப்ப ஏணியில ஏறி போல் டிரிம்மரைப் பிடிச்சா இன்னும் மேல எட்டுமே?' என்று யாராவது கேட்பார்கள். கூடவே கூடாது.

பேட்டரியில் ஓடுவதில் எப்படி ஷாக் அடிக்கும்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். 'வயர் இல்லை, ஷாக் பயமில்லை' என்பது பாதி உண்மை. கருவியின் 18 வோல்ட் பேட்டரியால் ஷாக் பயம் இல்லை. ஆபத்து, மேலே போகும் கம்பியிலிருந்து வருகிறது.

தெருவில் போகும் மின்கம்பிகளில் பல, மேலுறை இல்லாத வெறும் அலுமினியக் கம்பிகள். வீட்டுக்கு வரும் லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 230 வோல்ட். உயரழுத்த லைன் என்றால் 11,000 வோல்ட். போல் டிரிம்மரின் கம்பு பெரும்பாலும் அலுமினியம். நுனி கம்பியில் பட்டால், கம்பு வழியாக உங்கள் கைக்கு வந்து, உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும். கைப்பிடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் பிடிமானத்துக்காக வைத்தவை. அந்த மின்சாரத்தைத் தடுக்கச் செய்தவை அல்ல.

ஃபைபர் கிளாஸ் கம்பு என்றால்? ஈரமும் அழுக்கும் படிந்தால் அதையும் நம்ப முடியாது. கார்பன் ஃபைபரோ, நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும். வெட்டிய பச்சைக் கொப்பு கம்பிக்கும் செடிக்கும் நடுவே விழுந்தாலும் ஆபத்துதான். சாறு நிறைந்த கொப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

இரும்புக் கம்பியால் முருங்கைக்காயோ தேங்காயோ பறிக்கப் போய் மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அங்கே இரும்புத் தொரட்டி என்றால், இங்கே அலுமினியத் தொரட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும்?

பல நிறுவனங்களின் கையேடுகள் மின்கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி வெட்டச் சொல்கின்றன. சில 15 மீட்டர் என்கின்றன. அதாவது, 30 அடிக்கும் மேல். இந்தக் கணக்கை வைத்தால், நம் ஊரில் தெருப்பக்க மதில் பலவற்றில் இந்தக் கருவியைத் தூக்கவே கூடாது. பின்பக்கத் தோட்டம், கம்பி போகாத பக்கவாட்டு மதில், மின்சாரம் தரைக்கடியில் போகும் வில்லா குடியிருப்பு ஆகிய இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கம்பியைத் தொட்டுக்கொண்டு செடி நின்றால், நீங்கள் வெட்ட வேண்டாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்திலும் சொல்லலாம். பராமரிப்புப் பணிக்காக மின்தடை செய்யும் நாளில் ஊழியர்கள் கிளைகளை வெட்டுவார்கள்.

'இன்னிக்குப் பவர் கட்தானே, நாமே வெட்டிடலாம்' என்ற யோசனையும் வேண்டாம். வேலை சீக்கிரம் முடிந்தால் சப்ளை எப்போது வேண்டுமானாலும் திரும்பும். தவறாக இணைத்த ஜெனரேட்டர் எங்காவது ஓடினாலும், அதிலிருந்து கரண்ட் கம்பிக்குள் வரலாம். நின்றுபோன லைனைச் சோதித்து, எர்த் செய்துவிட்டுத்தான் ஊழியர்களே கை வைப்பார்கள்.

யாருக்காவது மின்சாரம் தாக்கிவிட்டால், பதறிப்போய் அவரையோ கருவியையோ தொடாதீர்கள். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சப்ளையை நிறுத்த உடனே மின்வாரியத்தையும், ஆம்புலன்ஸுக்கு 108-ஐயும் அழையுங்கள்.

சரி, கம்பி இல்லாத இடம். எப்படி வெட்டுவது?

முதலில் செடியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தையல்சிட்டு, கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாம் இந்தப் புதரில்தான் கூடு கட்டும். குஞ்சு இருந்தால் பறந்து போகும் வரை சில வாரம் தள்ளிப்போடலாம். குளவிக்கூடு இருக்கிறதா, பச்சைப்பாம்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி, கையுறை, ஷூ மூன்றும் கட்டாயம். தலைக்கு மேலே வெட்டும்போது சிராய் நேரே கண்ணுக்குத்தான் வரும், ஹெல்மெட்டும் போடலாம். அரளி வெட்டினால் அதன் பால் கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தழையை ஆடு மாடு தின்ன விடக்கூடாது, எரிக்கவும் கூடாது, முழுக்க விஷம்.

கொத்தனார் நூல் பிடிப்பது போல, இரண்டு முனையிலும் கழி நட்டுத் தேவையான உயரத்தில் கயிறு கட்டுங்கள். கண் அளவை நம்பினால் மேற்பரப்பு அலை அலையாக வரும். கீழே தார்ப்பாய் விரித்தால் பெருக்கும் வேலை மிச்சம்.

பக்கவாட்டை முதலில் வெட்டுங்கள், கீழிருந்து மேலாக. வெட்டிய தழை கீழே விழுந்துவிடும், அடுத்து வெட்ட வேண்டிய இடத்தை மறைக்காது. பிறகு பிளேடுத் தலையைப் படுக்கை வாட்டில் மடக்கி, மேற்பரப்பைச் சீவுங்கள். பிளேடுக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். ஓரடி பின்வாங்கி, கம்பைச் சாய்த்துப் பிடியுங்கள்.

செடி கோயில் கோபுரம் மாதிரி இருக்கணும்: கீழே அகலம், மேலே குறுகல். தலைகீழாக மேலே அகன்றால், அடியில் வெயில் படாமல் கீழ்ப்பகுதி இலை உதிர்ந்து மொட்டையாகும். வெளியாள் பார்வையை மறைக்க நட்ட செடி, கடைசியில் மறைக்க வேண்டிய உயரத்திலேயே ஓட்டையாக நிற்கும்.

நுனியை வெட்டினால் செடி அடர்வதற்கும் காரணம் உண்டு. நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன், பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக் கிளைவிடும். அதனால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதே நல்லது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

பிளேடில் கொப்பு சிக்கினால் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. அப்புறம்தான் விரல். சுவிட்சை விட்டதும் பிளேடு உடனே நின்றுவிடும் என்று நம்பாதீர்கள்.

எப்போ வெட்டலாம்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு தடவை வெட்டுவது நல்லது. காற்றடிக்கும்போது சாயும் பாரம் குறையும், மழையில் புதுத்தளிர் வரும். மழை முடிந்ததும் இன்னொரு தடவை. கத்திரி வெயிலில் ஒட்ட வெட்டினால், நிழலிலேயே இருந்த உள் இலைகள் கருகும். இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பது என்பதால், பூ ஓய்ந்த பிறகு கை வையுங்கள்.

பேட்டரி கணக்கு என்ன?

ஒரு பெட்டியில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே வரிசையாக 5 லித்தியம் அயான் செல்கள். சராசரியாக ஆளுக்கு 3.6 வோல்ட் என்றால் 18, முழு சார்ஜில் 20-ஐத் தொடும். பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி. 2 என்றால் 36 வாட்-மணி, 4 என்றால் 72. அதாவது இரட்டிப்பு நேரம் ஓடும், ஆனால் எடையும் கூடும்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே நிறுவனத்தின் அதே வகைப் பேட்டரி பொருந்துமா என்று பாருங்கள். பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கினால் செலவு குறையும். வெட்டி முடித்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். பிளேடைத் துடைத்து ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் துரு பிடிக்காது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

கம்பி போகாத இடம், 10 அடி வரை செடி, வருஷத்துக்கு மூணு நாலு தடவை வேலை என்றால் வாங்கலாம். வருஷத்துக்கு ஒரே தடவைதான் என்றால், குடியிருப்போர் சங்கம் சார்பில் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். தோட்டக்காரர் கையில் கொடுத்து வெட்டச் சொன்னாலும், மேலே கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பும்தான். 'அவருக்குத் தெரியும்' என்று விட்டுவிட வேண்டாம்.

தெருப்பக்க மதிலில் கம்பி போகிறது என்றால், இந்தக் கருவி அங்கே தேவையே இல்லாத மாதிரி செய்வதுதான் வழி. ஒரு தடவை மின்வாரிய உதவியோடு குறைத்துவிட்டு, அதன் பிறகு செடியைத் தோள் உயரத்திலேயே, சுமார் 5 அடியில் நிறுத்துங்கள். அதற்குக் கைக்கத்தரி போதும். புதிதாக நடுபவர்கள் கம்பிக்குக் கீழே நெட்டிலிங்கத்தை நடவே நடாதீர்கள். கன்றாக இருக்கும்போது அழகான வேலி மாதிரிதான் தெரியும், வளர்ந்தால் 10 மீட்டரைத் தாண்டும் மரம் அது.

இந்த வாரக் கடைசியில் வெட்டும் திட்டம் இருந்தால், பேட்டரியைச் சார்ஜ் போடும் முன் ஒரு தடவை வெளியே போய், செடிக்கு மேலே என்ன போகிறது என்று பார்த்துவிடுங்கள்.